மீன்குட்டையில் பூச்சி நிறைந்துவிட்டது, மருந்து ஊற்றலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் காணியில் குட்டை வெட்டியிருக்கிறேன். குளத்து வாய்க்கால் நீர்தான் வருகிறது. மாரி தொடங்கியதிலிருந்து தண்ணீரில் விதவிதமான பூச்சிகள். தை பிறந்ததும் ரோகு, கட்லா விட எண்ணம். குஞ்சு கொண்டுவந்து தருகிற ஆள், முதலில் பூச்சிமருந்து ஊற்றச் சொல்லி ஒரு போத்தலும் தந்திருக்கிறார். ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். போத்தலைத் திறக்கவே வேண்டாம்.

வயலுக்கு அடிக்கிற சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. ஒரு லீற்றர் நீரில் மில்லிகிராமின் ஆயிரத்தில் சில பங்கு கலந்தாலே பல மீன்கள் செத்துவிடும். அது சேற்றிலும் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, கட்லா தின்பதே நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களைத்தான். மருந்து முதலில் கொல்வது அவற்றை. சோற்றில் நஞ்சு வைத்துவிட்டு விருந்தாளியைக் கூப்பிடுகிற கதை இது.

பூச்சி இருப்பது குறை அல்ல. வெள்ளைப் பேசினில் கொஞ்சம் கரையோரத் தண்ணீரும் சேறும் அள்ளி, தெளியவிட்டுப் பாருங்கள். மூன்று வால் மயிரும், வயிற்றின் இருபுறமும் இலைபோல் துடிக்கும் செவுள்களும் கொண்ட சின்னப் பூச்சி தெரிந்தால் மகிழுங்கள். அழுகிய நீரில் அது தங்காது. நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளில் ட்ரவுட் மீன் உயிர்வாழ்வதும் இத்தகைய பூச்சிகளைத் தின்றுதான். வேறெதுவும் இல்லாமல் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால்தான் கவலை. காற்றில்லாத சேற்றிலும் அது பிழைக்கும்.

மருந்தை விற்பவரே குஞ்சையும் விற்கிறார் என்பதைக் கவனியுங்கள். குஞ்சு செத்தால் “பூச்சி தின்றுவிட்டது” என்பார். மறுபடி குஞ்சு, மறுபடி போத்தல். வன்னியில் இந்த வியாபாரம் கொழிப்பதற்குக் காரணம் உண்டு. குளம் ஒரு திணைக்களம், வாய்க்கால் இன்னொன்று, மீன் மூன்றாவது. ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்களே தவிர, குட்டைக் கரைக்கு வந்து தண்ணீரை அள்ளிப் பார்க்க ஒருவரும் இல்லை.

சரி, பூச்சி குஞ்சைத் தின்னாதா? தின்னும், குஞ்சு மிகச் சிறியதாக இருந்தால். அரை அங்குலம், முக்கால் அங்குலக் குஞ்சு என்றால் மல்லாக்க நீந்தும் பூச்சிகள் பிடித்துவிடும். அவை மூச்சுவிட மேலே வருபவை. அதனால் நூறு சதுர மீற்றர் குட்டைக்கு 180 கிராம் சவர்க்காரத்தை நீரில் கரைத்து, 560 கிராம் மலிவான தாவர எண்ணெயை அதில் கலக்கி, குஞ்சு விடுவதற்கு முதல் நாள் நீர்மேல் பரப்பலாம். காற்றில்லாத நாளாகப் பாருங்கள். காற்றடித்தால் எண்ணெய் ஒரு கரையில் ஒதுங்கிவிடும். வாய்க்கால் வாயையும் அடைத்துவிட வேண்டும். தும்பிப் புழு இதற்குச் சாகாது. அதற்குச் செவுள் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நுளம்பு வலையால் அரித்து எடுங்கள்.

ஆனால் இதெல்லாம் பொடிக்குஞ்சுக்கு மட்டும். மூன்று அங்குலக் குஞ்சு வாங்கினால் எண்ணெயும் தேவையில்லை, ஒன்றும் தேவையில்லை. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையிடமும் விலை விசாரியுங்கள். அந்த ஆளிடம்தான் வாங்குவதென்றால், குஞ்சு உங்கள் குட்டையில் நீந்துவதைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். போத்தலை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். வாய்க்காலில் கவிழ்த்துவிடாதீர்கள், கீழே மாடுகள் குடிப்பதும் அதே தண்ணீர்தான்.