ஐ.டி.வி.யை விடுங்கள், சால்வேஜைப் பேசுங்கள்

லாரி மோதி என் கார் அப்பளமாகிவிட்டது. ஐ.டி.வி. (பாலிசியில் காருக்குப் போட்ட மதிப்பு) 5 லட்சம், ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 4.1 லட்சம். இன்சூரன்ஸ் கம்பெனியோ ‘டோட்டல் லாஸ்’ என்று சொல்லி, சால்வேஜ் (என்னிடமே விடும் இடிபாட்டின் விலை) 1.9 லட்சத்தைக் கழித்து 3.1 லட்சம் தருகிறேன் என்கிறது. பேரம் பேசலாமா?
- நாமக்கல் வாசகர்

தாராளமாக. ஆனால் எதைப் பேசுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஐ.டி.வி. பாலிசி எடுத்த அன்றே முடிந்துபோன பேச்சு. பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு. பதினோராவது மாதத்தில் மோதினாலும் மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது. இழப்பீட்டில் 1,000 அல்லது 2,000 ரூபாயைக் கட்டாயமாகக் கழிப்பார்கள், அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

இடிபாட்டுக்கு 1.9 லட்சம் என்று யார் விலை வைத்தது? அதைக் கேளுங்கள். “அந்த விலைக்கு ஆள் இருந்தால் வண்டியை அவரே எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு முழுத் தொகை வரட்டும்” என்று எழுதிக் கொடுங்கள். ஏட்டில் மட்டும் இருக்கும் விலையென்றால் கம்பெனி இறங்கிவரும். சேதத்தை மதிப்பிட்ட சர்வே ரிப்போர்ட் நகலையும் எழுத்திலேயே கேளுங்கள்.

இன்னொன்று: பழைய இரும்புக்காரரிடம் வண்டியோடு ஆர்.சி.யையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சேஸிஸ் எண்ணில் ஒரு திருட்டு வண்டி ஓடத் தொடங்கினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆர்.டி.ஓ.விடம் பதிவை ரத்து செய்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்.

கார் கடன் பாக்கி இருக்கிறது. பணம் யாருக்கு?

முதலில் வங்கிக்கு. மிஞ்சினால் உங்களுக்கு, போதாவிட்டால் மீதியைக் கட்ட வேண்டியவரும் நீங்களே. அதுவரை தவணையை நிறுத்தாதீர்கள்.

பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டேன். இப்போது சந்தை விலை கேட்க முடியுமா?

முடியாது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததற்கான விலை இது. அடுத்த கார் புதிதென்றால் முழு இழப்பில் வாங்கிய விலையையே தரும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் காப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி தந்த தொகையை முழுத் தீர்வாக ஏற்பதாக அவசரத்தில் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் குறுகலானது. கையெழுத்து மட்டுமே உரிமையைப் பறித்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொல்லியிருக்கிறது; வற்புறுத்தலையோ மோசடியையோ நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். முதலில் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.