முதலில் சந்தா, பிறகு அச்சகம்

கேள்வி: நாங்கள் முள்ளியவளையைச் சேர்ந்த நான்கு ஆசிரியர்கள். காலாண்டுச் சிற்றிதழ் ஒன்றைத் தொடங்கி, பின்னர் நூல்களும் வெளியிட எண்ணியிருக்கிறோம். 1000 பிரதி அடித்தால் அடக்கவிலை நன்றாகக் குறையும் என்கிறார் அச்சகத்தார். எத்தனை அடிக்கலாம்?

பதில்: 300 போதும். அச்சகத்தார் சொல்வது பொய்யன்று. அச்சுத் தகடு செய்யும் செலவு 300 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒன்றுதான். ஆனால் விற்காத பிரதியை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் 1000 அடித்தவன். மிஞ்சியதைப் பெட்டிகளில் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். மாரி முடிந்து திறந்தபோது மேலட்டை புதிதுபோல இருந்தது. கையில் எடுத்தால் உள்ளே கறையான் மண். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விலை வைக்கும்போது கடைக்கழிவை மறக்காதீர்கள். அடக்கவிலை 300 ரூபாய், விற்கும் விலை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 35 சதவீதம் கழித்தால் உங்கள் கைக்கு வருவது 260. விற்க விற்க நட்டம். ஆகவே நேரடிச் சந்தாதான் சிற்றிதழின் உயிர். 1966இல் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’ சிற்றிதழைத் தொடங்கிய எழுத்தாளர் டொமினிக் ஜீவா, இதழைக் கையோடு சுமந்துசென்று ஆளாளாய்ப் பார்த்து விற்றவர். நீங்களும் பாடசாலை, வாசிகசாலை, ஊர்ச் சங்கம் என்று போய் 150 ஆண்டுச் சந்தாவாவது சேர்த்த பிறகே அச்சகத்துக்குப் போங்கள். வெளியீட்டு விழாவில் கடித உறைகளில் வரும் பணத்தை வருமானம் என்று நம்பவேண்டாம். அது அன்பு, ஒருமுறைதான் வரும். இரண்டாவது இதழின் அச்சுக்கூலி கையில் இருந்தால்தான் முதல் இதழை வெளியிடுங்கள்.

பக்கங்களைப் பதினாறின் மடங்கில் வையுங்கள். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பதினாறு பக்கமே ஒரு போர்ம். 64 என்றால் நான்கு போர்ம், தாள் வீணாகாது.

மெய்ப்புப் பார்ப்பதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறோம். எழுத்தாளர் பலர் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அனுப்புகிறார்கள். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் இருக்கும். அதனால் யூனிகோடுக்கு மாற்றும்போது இடையில் உள்ள ஆங்கில எழுத்துகளும் தமிழ் எழுத்துகளாக உருமாறிவிடும். 'பிபிசி' என்பதை ஆங்கிலத்தில் அடித்திருந்தால் 'டீடீஊ' என்று வந்து நிற்கும். மாற்றிய பிரதியை மூலத்தோடு ஒருவர் வாசிக்க, மற்றவர் ஒப்புநோக்க வேண்டும். திரையில் பார்த்தது போதாது, தாளில் எடுத்துப் பாருங்கள்.

நூல் வெளியிடும்போது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நூலுக்கான சர்வதேசத் தர எண்ணான ஐ.எஸ்.பி.என். பெற்றுக்கொள்ளுங்கள். சஞ்சிகைக்கு உரியது ஐ.எஸ்.எஸ்.என்.; இரண்டும் வேறு. எழுத்தாளரே அச்சுச் செலவைத் தருவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அப்படி வாங்கினால் எத்தனை பிரதி அவருக்கு, விற்ற பணத்தில் எவ்வளவு அவருக்கு என்பதை எழுதிக் கையொப்பமிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டு நட்பு முறிந்த கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

இன்னொன்று, முள்ளியவளை போர் நடந்த வன்னியில் இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். 2009 வரையான போர்க்கால இடம்பெயர்வுகளில் கையெழுத்துப் பிரதியோடு அச்சான இதழ்களும் அழிந்தன. ஒரே வீட்டில் இருந்தவை ஒரே நாளில் போயின. ஒவ்வோர் இதழிலும் ஐந்து பிரதிகளை விற்பனைக்கு முன்பே எடுத்துவையுங்கள். இரண்டை வெவ்வேறு ஊர் நூலகங்களுக்கும், ஒன்றை யாழ்ப்பாணத்துக்கும், ஒன்றைக் கொழும்புக்கும் அனுப்பிவிட்டு, மற்றதை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள்.