எங்கள் வீட்டில் பாலன் காலை ஏழரை மணிக்குத்தான் பிறப்பார்

கேள்வி: உங்கள் வீட்டின் கிறிஸ்துமஸ் வழக்கங்கள் என்ன? 24ஆம் தேதி இரவு வீட்டில் எல்லாரும் இருக்க முடியாதபோது எப்படிக் கொண்டாடுவது?

கேள்வியின் முதல் பாதி மட்டும் இருந்திருந்தால் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன். இரண்டாம் பாதிதான் என்னை உட்கார வைத்தது. உங்கள் வீட்டில் யாருக்கோ அன்றிரவு டூட்டி விழுந்திருக்கிறது. பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

என் அப்பா மருத்துவமனையில் ஆண் செவிலியர். டிசம்பர் 24 இரவுப் பணி பல ஆண்டுகள் அவர் தலையில்தான் விழுந்தது. "அடுத்த வருஷம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்ன சக ஊழியர்களை ஒரு வரிசையில் நிறுத்தினால் அது கோவில் வாசலைத் தாண்டும். அவர் அதைப் பற்றிப் புலம்பியதில்லை. அவருக்கும் சேர்த்து நான் புலம்பிக்கொள்கிறேன்.

எனக்கு ஆறு வயது, அண்ணனுக்கு ஒன்பது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் குடிலில் பாலன் இயேசுவை யார் வைப்பது என்று எங்களுக்குள் சண்டை. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் சொரூபத்தின் வலது கைப் பெருவிரல் உடைந்து வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது. உடைந்த துண்டு கடைசிவரை கிடைக்கவில்லை. மறுநாள் காலை வீட்டுக்கு வந்த அப்பா விசாரணை எதுவும் நடத்தவில்லை. அடுத்த ஆண்டு 24ஆம் தேதி மாலை வேலைக்குக் கிளம்பும்போது பாலனைக் கட்டுத்துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இவர் என்னோடு வருகிறார். காலையில் கூட்டி வருகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

இப்படித்தான் எங்கள் வழக்கம் தொடங்கியது. இதற்குப் பின்னால் பாட்டன் முப்பாட்டன் எவரும் இல்லை. இரண்டு பிள்ளைகளின் சண்டையும் ஒரு டூட்டி அட்டவணையும்தான் காரணம்.

திருப்பலி முடிந்து இரவு ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தால் குடிலில் மாடு, கழுதை, சூசை, மாதா எல்லாரும் வெறும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அம்மா நட்சத்திர விளக்கை மட்டும் அணைக்க மாட்டார். காலை ஏழரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். அப்பா கைகால் கழுவுவதற்கு முன்பே அண்ணனும் நானும் குடிலின் இரண்டு பக்கமும் மண்டியிட்டிருப்போம். அவர் கட்டுத்துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரிப்பார். எனக்கு இன்றும் கிறிஸ்துமஸ் வாசனை என்றால் அந்தத் துணியின் கிருமிநாசினி வாசனைதான். ஓராண்டு அண்ணன் தலைப்பக்கம் பிடிப்பான், நான் கால்பக்கம்; மறு ஆண்டு மாறிக்கொள்வோம். விரல் உடைந்த கை எப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம்.

ஒருமுறை அப்பாவை விடுவிக்க வேண்டியவர் வரவில்லை. மணி பத்தாகியும் அப்பாவைக் காணோம். வாழ்த்துச் சொல்ல வந்த பெரியம்மா காலியான தொட்டிலைப் பார்த்துவிட்டு, "பிறந்தநாள் அன்றைக்குப் பிள்ளை இல்லாத வீடா? அபசகுனம்" என்று என் பிளாஸ்டிக் பொம்மையை எடுத்து வைக்கோலில் கிடத்திவிட்டார். அது சூசையை விடப் பெரியது. படுக்கவைத்தால் கண்ணை மூடும், தூக்கினால் திறக்கும். பதினொன்றரைக்கு வந்த அப்பா குடிலைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். "என்ன அக்கா, அதற்குள் வளர்ந்துவிட்டாரே!" என்றார். பெரியம்மாவைத் தவிர எல்லாரும் சிரித்தோம். அவர் அன்று சாப்பிடாமல் போய்விட்டார்.

இதற்குள் சிலர் மறுமொழி எழுதத் தொடங்கியிருப்பீர்கள்: பாலனை நள்ளிரவில்தான் வைக்க வேண்டும், இது முறையல்ல என்று. நள்ளிரவில் வைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அது அழகான வழக்கம். ஆனால் பன்னிரண்டு மணிக்குப் பிறந்தார் என்று எந்த நற்செய்தியிலும் இல்லை. லூக்கா சொல்வதெல்லாம், இடையர்கள் இரவில் மந்தையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான். அப்பா இதை அவருக்கே உரிய முறையில் சொல்வார்: "முதலில் செய்தி போனது யாருக்கு? நைட் டூட்டி பார்த்தவர்களுக்கு." திருச்சபையே அந்தப் பெருவிழாவுக்கு இரவில் ஒன்று, விடியலில் ஒன்று, பகலில் ஒன்று எனத் தனித்தனித் திருப்பலிகளை வைத்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பாலன் விடியல் கணக்கில் வருகிறார், அவ்வளவுதான்.

தேதிக்கும் இதே கதைதான். டிசம்பர் 25 என்பது நற்செய்தியில் இல்லை. 354ஆம் ஆண்டில் ரோமில் தொகுத்த ஒரு நாட்காட்டி நூலில் இருக்கிறது. ஆர்மீனியத் திருச்சபையினர் ஜனவரி 6 அன்று கொண்டாடுகிறார்கள். பழைய ஜூலியன் நாட்காட்டியை விடாத ரஷ்யத் திருச்சபைக்கு இப்போது பதின்மூன்று நாள் தள்ளி ஜனவரி 7. குடிலைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள். அசிசியின் புனித பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்னும் ஊரில் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தினார். பிறப்பைச் சொல்லும் நற்செய்திப் பகுதியில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. அதற்காக அவற்றை யாராவது குடிலிலிருந்து விரட்டுகிறோமா? ஆகவே உங்கள் வீட்டில் 26ஆம் தேதிதான் எல்லாரும் சேர முடியும் என்றால் 26ஆம் தேதியே கொண்டாடுங்கள். யார் கேட்கிறார்கள்?

கேட்பார்கள், தெரியும். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார். யாராவது அவசரத்தில் 'எக்ஸ்மஸ்' என்று எழுதிவிட்டால் போதும், கிறிஸ்துவை நீக்கிவிட்டாய் என்று ஒரு பக்கத்துக்குக் கண்டனம் எழுதுவார். அந்த எக்ஸ் பெருக்கல் குறி அல்ல, கிறிஸ்து என்ற பெயரின் கிரேக்க முதல் எழுத்து, நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்களே எழுதிவந்த சுருக்கம் என்று மரியாதையாகத்தான் விளக்கினேன். "படித்த திமிர்" என்று பதில் வந்தது. அதே மனிதர் ஆண்டுதோறும் யாரோ அனுப்பிய வாழ்த்துப் படத்தை, அவர்கள் வீட்டுப் பெயரைக்கூட அழிக்காமல், எங்களுக்குத் தள்ளிவிடுகிறார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் மூன்று ஆண்டுகளாக மனதில் கிடக்கிறது.

திருமணமாகிப் போன வீட்டில் டிசம்பர் முதல் வாரமே பாலனைத் தொட்டிலில் வைத்துவிடுவார்கள். 26ஆம் தேதி குடில் பெட்டிக்குள் போய்விடும். பாலனைப் பார்க்க ஞானிகள் ஜனவரி 6 அன்றுதானே வருகிறார்கள் என்று மாமியாரிடம் ஒருமுறை மெல்லக் கேட்டேன். "வீடு பெருக்க வேண்டாமா அம்மா?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இப்போது குடில் போனாலும் ஞானிகள் மூவரும் புத்தக அலமாரியில் ஆறாம் தேதிவரை இருக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். என் மகள் தினமும் அவர்களை ஒரு சாண் நகர்த்துகிறாள். போய்ச் சேர இடம் இல்லை என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அப்பா ஏழு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு நாங்கள் எல்லாரும் அம்மா வீட்டில் இருந்தோம். எனக்கு நினைவு தெரிந்து முதல்முறையாக நள்ளிரவுத் திருப்பலியில் அப்பா எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதியில் தூங்கியும் விட்டார், நின்றுகொண்டு விழித்தே பழகியவர். வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "இனிமேல் இப்போதே வைத்துவிடலாமே அப்பா" என்றான். அப்பா பதில் சொல்லாமல் படுக்கப் போய்விட்டார். எனக்கும் அவரைக் கேட்கத் துணிவில்லை.

காலையில் கண் விழித்தபோது கட்டிலில் அப்பா இல்லை. மணி ஏழு இருபது. அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ கிளம்பினார், தெருமுனையில் நிற்கிறார்" என்றார். சன்னல் வழியாகப் பார்த்தேன். வேலைக்குப் போகும்போது போடும் வெள்ளைச் சட்டை, பையில் ஒரு புடைப்பு, கண் கைக்கடிகாரத்தில். நான் அண்ணனைத் தட்டி எழுப்பினேன். நாற்பதை நெருங்கும் இரண்டு பேர் குடிலுக்கு இரண்டு பக்கமும் மண்டியிட்டோம். என் மகள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஏழரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.