தொடக்கப் பள்ளி ஆசிரியர், சிறப்புக் கல்வி ஆசிரியர் இரண்டுக்கும் எப்படித் தயாராவது?

பிளஸ் டூ முடித்துவிட்டுச் சென்னையில் இருக்கிறீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் பாடம் சொல்லித்தர ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே சிறப்புக் கல்வி ஆசிரியராக இருக்கிறேன்.

இரண்டும் தனித்தனிப் படிப்பு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்க, 2 ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயம், அப்புறம் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள். சிறப்புக் கல்விக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ. அங்கீகரித்த 2 ஆண்டு டிப்ளமோ. முடித்ததும் கவுன்சிலில் பதிவு எண் வாங்க வேண்டும். சேரும் முன் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் கட்டாயம் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

டிப்ளமோவில் செவித்திறன், பார்வை, அறிவுசார் குறைபாடு என்று பிரிவுகள் உண்டு. விண்ணப்பிக்கும் முன் ஏதாவது ஒரு மையத்தில் அனுமதி கேட்டுச் சில நாள் வகுப்பில் உட்காருங்கள். எந்தக் குழந்தைகளோடு உங்களுக்கு ஒட்டுகிறது என்று அங்கேதான் தெரியும்.

இந்த வேலையின் உயிர், ஒரு செயலைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிப்பது. பேன்ட் போடக் கற்றுத்தருகிறோம் என்று வையுங்கள். காலை நுழைப்பதிலிருந்து முழங்கால்வரை ஏற்றுவதுவரை நாமே செய்துவிட்டு, கடைசியாக இடுப்புக்கு இழுப்பதை மட்டும் குழந்தையிடம் விடுவோம். தானே முடித்த மகிழ்ச்சி அதற்கு ஒவ்வொரு முறையும் கிடைக்கும். அது பழகியதும் அதற்கு முந்தைய படி. இப்படியே பின்னாலிருந்து முன்னால் வருவோம். பல குழந்தைகளுக்கு முதல் படியிலிருந்து ஆரம்பிப்பதைவிட இது எளிது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதும்போதும், ‘கணக்குக் கற்பான்’ என்று எழுதக் கூடாது. ‘5 வரை பொருள்களை எண்ணி எடுத்துத் தருவான்’ என்று கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிற மாதிரி எழுத வேண்டும்.

சாதாரண வகுப்பிலும் இதே கண் வேண்டும். கடன் வாங்கிக் கழிக்கத் தடுமாறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, பெரும்பாலும் பத்து, ஒன்று என்ற இட மதிப்பே பிடிபட்டிருக்காது. இன்னும் நாலு கழித்தல் கணக்கு கொடுத்துப் பயனில்லை. பத்துப் பத்தாகக் குச்சிகளைக் கட்டிக் கையில் கொடுக்க வேண்டும்.

இரண்டில் எதை முதலில் படிப்பது என்றால், என் யோசனை சிறப்புக் கல்வி டிப்ளமோ. டெட் முதல் தாளின் 150 கேள்விகளில் 30 குழந்தை வளர்ச்சி பற்றியவை. அந்தப் பகுதி அப்போது உங்களுக்குப் பழகியதாக இருக்கும்.