ஈயச் சொம்பும் ஈயத் தோட்டாவும்

கேள்வி: வேட்டைக்காரர் மானைச் சுட்டால் மான் சாகும், கழுகு எப்படிச் சாகும்? ஈயத் தோட்டாக்களால் அமெரிக்கக் கழுகுகள் மடிகின்றன என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். எங்கள் காசிமேட்டில் பருந்துகள் தின்னாத கழிவு கிடையாது. எதையும் செரிக்கிற வயிறு அவற்றுக்கு. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் பாட்டி 40 ஆண்டுகள் ஈயச் சொம்பில்தான் ரசம் வைத்தார். நாங்களும் நலமாகவே இருக்கிறோம். சுட்ட மானின் குடலைப் புதைத்துவிட்டுப் போங்கள் என்று வேட்டைக்காரரிடம் சொன்னால் முடிந்துவிடுகிற காரியத்துக்கு, ஈயத் தோட்டா கூடாதென்று சட்டமும் தடையும் எதற்கு?
– ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் பாட்டியின் சொம்பை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிடுவோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. தோட்டாவில் இருப்பது காரீயம். பெயரில் பாதி ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் வேறு உறவில்லை. காரீயச் சொம்பில் 40 ஆண்டுகள் புளி கொதித்திருந்தால் தங்கள் கடிதத்தின் தொனியே வேறாக இருந்திருக்கும். (வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்து விற்பவர்களும் உண்டு. அடுத்த சொம்பை வாங்கும்போது விசாரித்து வாங்குங்கள்.)

இனி கழுகுக்கு வருவோம். மானைச் சுட்டவர் அதை அங்கேயே கிழித்து, குடலையும் கழிவையும் காட்டில் போட்டுவிட்டுக் கறியை மட்டும் எடுத்துச் செல்கிறார். துப்பாக்கியிலிருந்து அத்தனை வேகத்தில் வரும் ஈயத் தோட்டா, உடம்பில் பட்டதும் முழுசாக நிற்பதில்லை. நூற்றுக்கணக்கான துணுக்குகளாகச் சிதறி, காயத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக்கூடத் தசையிலும் குடலிலும் பதிந்துவிடுகிறது. அந்த உடலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், தட்டில் உப்புமா ரவையைத் தூவியது போலிருக்கும். வெறும் கண்ணுக்கு அதில் பெரும்பாலானவை தெரியாது.

காசிமேட்டில் ஏலம் முடிந்த காலை வேளையில் பருந்தைக் கவனித்திருப்பீர்கள். வீசியெறிந்த மீன் குடலை இறங்கிய வேகத்திலேயே நகத்தில் கொத்திக்கொண்டு மேலேறி, எங்கும் உட்காராமல், பறந்தபடியே தலையைக் குனிந்து காலில் இருப்பதைக் கிழித்து விழுங்கும். முள்ளா, நரம்பா என்று அது ஆராய்வதில்லை. மான் குடலின் மீது இறங்கும் கழுகும் ஆராய்வதில்லை. மெத்தென்ற குடலும் ஈரலும்தான் அதற்கு முதல் கவளம். ரவை தூவியிருப்பதும் அங்கேதான்.

எதையும் செரிக்கும் வயிறு என்கிறீர்கள். வினையே அதில்தான் இருக்கிறது. எலும்பையே கரைக்கக்கூடிய அமிலம் ஈயத்தையும் கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. செரிக்காமல் வெளியே போயிருந்தால் பறவை பிழைத்திருக்கும். ரத்தத்தில் கலந்த ஈயத்தை உடல் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து நரம்புக்கும் எலும்புக்கும் அனுப்புகிறது. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளை ஆக்கும் வேலை முடங்குகிறது, இறக்கை தொய்கிறது, இரையைச் சேர்த்துவைக்கும் கழுத்துப் பை அசைவற்றுப் போவதால் தின்றது கீழே இறங்குவதில்லை. பை நிறைய இரையோடு பறவை பட்டினியால் சாகிறது. இதற்கு அரிசி மணியளவு துணுக்கே போதும்.

கலிஃபோர்னியா காண்டோர் என்னும் பிணந்தின்னிக் கழுகு 1982இல் 22 மட்டுமே எஞ்சியிருந்தது. 1987இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்து இனம் பெருக்கி, 1992 முதல் மீண்டும் பறக்கவிட்டார்கள். இன்று கூண்டிலும் காட்டிலுமாக 500ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் காட்டில் அவற்றின் சாவுக்கு முதற்காரணம் ஈயம்தான். பறவைகளை அவ்வப்போது பிடித்து ரத்தம் சோதித்து, ஈயத்தை வெளியேற்ற மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள். ஈராண்டுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில் பெருகும் இனத்தில் வளர்ந்த பறவை ஒன்று செத்தாலும் இழப்பு பெரிது. அது தோட்டாவின் ஈயம்தானா என்று கேட்கலாம். ஈயத்தில் எடை வேறுபட்ட அணுக்கள் (ஐசோடோப்புகள்) கலந்திருக்கும் விகிதம் கைரேகை போன்றது. காண்டோர்களின் ரத்தத்தில் இருந்த ஈயம் தோட்டாக்களின் ஈயத்தோடு பொருந்தியது. வெண்தலைக் கழுகு, பொன்னிறக் கழுகு ஆகிய இரண்டிலும் அமெரிக்காவின் 38 மாநிலங்களிலிருந்து 1,210 பறவைகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழப் பாதிப் பறவைகளின் உடலில் நாள்பட்ட ஈய நச்சு இருந்ததைக் காட்டியது.

காசிமேட்டுப் பருந்துக்கு இந்த ஆபத்து இல்லையே என்றால், மீனை யாரும் சுட்டுப் பிடிப்பதில்லை என்பதே விடை. வலையின் அடிக்கயிற்றில் கோத்த ஈயக் குண்டு வலையோடு கரைக்கு வந்துவிடுகிறது. வேட்டையோ நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைப்பட்டது. ஆனால் பிணத்தின் வழியாக வரும் விஷம் நமக்குப் புதிதல்ல. மாட்டுக்குப் போட்ட டைக்லோஃபினாக் என்னும் வலி மருந்து, செத்த மாட்டின் உடல் வழியாகச் சென்று நம் பாறுக் கழுகுகளில் சில இனங்களை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கொன்றுவிட்டது. காரணம் 2004இல் உறுதியானது. கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதற்குத் தடை வந்தது 2006இல். அதுவரை நாமும் ‘எதையும் செரிக்கும்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

குடலைப் புதைப்பது நல்ல யோசனைதான். அரிசோனாவில் அதையும் சொல்லிப் பார்த்தார்கள், 2005 முதல் ஈயமற்ற தோட்டாக்களை இலவசமாகவே கொடுத்தார்கள், வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் மனமுவந்து ஒத்துழைக்கவும் செய்தார்கள். ஆனால் குண்டடி பட்டுத் தப்பியோடி ஏதோ ஒரு புதரில் விழுந்து சாகும் மானை எவர் தேடிப் புதைப்பது? கலிஃபோர்னியா 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முழுமையாக நிறுத்தியது. செம்புத் தோட்டா பூப்போல் விரியுமே தவிர, பெரும்பாலும் சிதறாது. விலை சற்றுக் கூடுதல் என்பது உண்மை.

அந்த விலையை வேட்டைக்காரர் கழுகுக்காக மட்டும் கொடுப்பதாகவும் எண்ண வேண்டாம். 2008இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு இலவசமாக வழங்குவதற்கென வேட்டைக்காரர்கள் கொடுத்திருந்த மான்கறிப் பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது உள்ளே ஈயத் துணுக்குகள் தெரிந்தன. அவற்றை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று மாநில அரசே சொல்லிவிட்டது.