சிக்னல் போனாலும் பாட்டு நிக்கக்கூடாது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், திருவொற்றியூர்ல இருந்து கிண்டிக்கு டெய்லி மெட்ரோவுல வேலைக்குப் போறேன். புதுவண்ணாரப்பேட்டை தாண்டி சுரங்கத்துக்குள்ள போனதும் பாட்டு சுத்திக்கிட்டே நிக்குது. பேசாம காசு கட்டி டவுன்லோட் பண்ணிக் கேக்கலாம்னு இருக்கேன். ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் இதுல எதை எடுக்கலாம்? போன் 64 ஜிபிதான், பாதிக்கு மேல ரொம்பியாச்சு. கேக்குறது பெரும்பாலும் பழைய பாட்டு.
*வாசகர், திருவொற்றியூர்*

பதில்: நீங்க கேக்குற பாட்டு எதுல இருக்கோ அதை எடுங்க. எல்லா கம்பெனியும் கோடிக்கணக்குல பாட்டு இருக்குன்னுதான் விளம்பரம் பண்றாங்க, ஆனா நமக்கு வேண்டியது அந்தக் கோடியில ஒரு முந்நூறு நானூறு பாட்டு, அது இருக்கா இல்லையாங்கறதுதான் விஷயம். அதனால ஒரு பேப்பர்ல இது இல்லாம முடியாதுன்னு நினைக்கிற முப்பது பாட்டை எழுதுங்க, எல்லாருக்கும் தெரிஞ்ச ஹிட்டை விட்டுட்டு, அந்தப் படத்துலயே யாரும் கண்டுக்காத ரெண்டாவது மூணாவது பாட்டா எழுதுங்க, அங்கதான் ஆப்புக்கு ஆப்பு வித்தியாசம் தெரியும். பணம் கட்டாமலே தேடிப் பாக்கலாம். பாட்டு பேர் வந்துடுச்சேன்னு விட்டுடாதீங்க, பாடினவங்க பேரைப் பாருங்க, கொஞ்சமாவது கேளுங்க, ஏன்னா பழைய பாட்டுல அதே பேர்ல வேற யாரோ பாடின கவர் வெர்ஷன் நிறைய கிடக்கு, படத்தோட பேரும் சில இடத்துல தப்பாதான் இருக்கும்.

இன்னொண்ணு, இன்னிக்கு இருக்கிற பாட்டு அடுத்த வருஷமும் இருக்கும்னு கிடையாது. பாட்டோட உரிமை வெச்சிருக்கிற கம்பெனியும் ஆப்பும் போட்ட ஒப்பந்தம் முடிஞ்சா பாட்டு மங்கலாயிடும், தொட்டாலும் ஓடாது. 2024 மார்ச்ல ஜீ மியூசிக்கோட பாட்டெல்லாம் ஸ்பாட்டிஃபைல இருந்து போனது அப்படித்தான். அதனால ஒரேயடியா வருஷ சந்தா கட்டாதீங்க, மொதல்ல ஒரு மாசம் போதும்.

பழைய தமிழ்ப் பாட்டுதான் அதிகம்னா நான் மொதல்ல யூடியூப் மியூசிக்ல தேடச் சொல்வேன், ஏன்னா கம்பெனிங்க முறையா குடுத்ததோட சேர்த்து ஜனங்க யூடியூப்ல ஏத்தி வெச்சதும் அதுல வரும், வேற எங்கயும் கிடைக்காத பாட்டு அங்க சிக்கும். ஆனா அப்படி ஏத்தினதை எப்ப வேணா எடுத்துடலாம், சவுண்டும் ஏனோதானோன்னு இருக்கும், அதையும் தெரிஞ்சுக்கிட்டு எடுங்க. யூடியூப் பிரீமியமாவே எடுத்தா மியூசிக்கும் அதுலயே அடக்கம், வீடியோவும் விளம்பரம் இல்லாம வரும், வீட்ல எல்லாரும் யூடியூப்தான் பாக்குறாங்கன்னா அது லாபம். புதுப்பாட்டும் கேப்பீங்க, உங்க ரசனை தெரிஞ்சு அதுவே பாட்டு எடுத்துக் குடுக்கணும்னா ஸ்பாட்டிஃபை நல்லாருக்கும். ஆப்பிள் மியூசிக் ஆண்ட்ராய்டு போன்லயும் ஓடும், பல பேருக்கு அது தெரியறதில்ல.

இப்ப போன்ல இருக்கிற இடத்துக்கு வருவோம். அஞ்சு நிமிஷப் பாட்டு ஒண்ணு 320 கேபிபிஎஸ் (ஒரு நொடிக்கு எவ்வளவு டேட்டாங்கற கணக்கு) தரத்துல ஏறக்குறைய 12 எம்பி பிடிக்கும், 160ல 6 எம்பி. ஐநூறு பாட்டுன்னா 6 ஜிபியா 3 ஜிபியாங்கற கேள்வி. மெட்ரோ சத்தத்துல 160க்கும் 320க்கும் பெருசா வித்தியாசம் தெரியாது, நீங்க 160ஐ ஒட்டின தரத்துலயே இறக்குங்க. போன்ல மெமரி கார்டு போட இடம் இருந்தா செட்டிங்ஸ்ல டவுன்லோடை கார்டுக்கு மாத்திக்கலாம். யூடியூப் மியூசிக்ல ஸ்மார்ட் டவுன்லோட்னு ஒண்ணு இருக்கு, அதை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, நீங்க இறக்கச் சொல்லாத பாட்டையெல்லாம் அதுவே இறக்கி இடத்தை அடைச்சிடும்.

டவுன்லோட் பண்ணதும் ஒரு நாள் போனை ஃப்ளைட் மோட்ல போட்டு, ப்ளூடூத்தை மட்டும் ஆன் பண்ணிக் கேட்டுப் பாருங்க. சில நேரம் பாதிதான் இறங்கியிருக்கும், மீதி நெட்ல ஓடிக்கிட்டிருக்கும், சுரங்கத்துக்குள்ள போனாதான் தெரியும். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவையாவது நெட்டைப் போட்டு ஆப்பைத் திறக்கணும், சந்தா உயிரோட இருக்கான்னு அது செக் பண்ணிக்கும், ஸ்பாட்டிஃபைல 30 நாள் கணக்கு, திறக்கலேன்னா இறக்கினதெல்லாம் போயிடும். ஆப்பை அழிச்சாலும் மறுபடி மொதல்ல இருந்துதான்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயசு தாண்டிடுச்சு, கர்நாடக சங்கீதம்னா உயிர். சந்தா எடுத்துக் குடுக்கலாம்னா, ஆப்ல தேட அவருக்கு வராது. என்ன பண்ணலாம்?
*வாசகி, மயிலாப்பூர்*

பதில்: தேடுற வேலையை நீங்க செய்யுங்கம்மா, கேக்குற வேலை அவரோடது. உக்காந்து ஒரு சாயங்காலம் அவர்கிட்ட கேட்டுக் கேட்டு, காலையில கேக்க ஒரு ப்ளேலிஸ்ட், ராத்திரிக்கு ஒண்ணு, பிடிச்ச வித்வான் ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணுன்னு போட்டு, பேரைத் தமிழ்லயே பெருசா வெச்சு, எல்லாத்தையும் இறக்கிக் குடுத்துடுங்க. கச்சேரி கேக்குறவங்களுக்கு ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். ஆலாபனை, கிருதி, தனி ஆவர்த்தனம்னு ஒரே உருப்படியைத் துண்டு துண்டா வெட்டி வெச்சிருப்பாங்க, ஷஃபிள் ஆன்ல இருந்தா ஆலாபனை ஒரு ராகம், அடுத்து வர்ற கிருதி வேற ராகம்னு ஆகி மனுஷன் வெறுத்துப் போயிடுவார், அதனால ஷஃபிளை ஆஃப் பண்ணிட்டு வாங்க, துண்டுக்கு நடுவுல இடைவெளி விழாம இருக்க கேப்லெஸ்னு செட்டிங் இருந்தா ஆன் பண்ணுங்க. எழுதுற விதமும் இங்கிலீஷ்ல ஆளுக்கு ஒரு மாதிரி, தோடியை 'டி' போட்டும் எழுதுவாங்க 'டிஹெச்' போட்டும் எழுதுவாங்க, ரெண்டையும் தேடிப் பாருங்க.

போனே அவருக்குக் கஷ்டம்னா சந்தா வேண்டாம். சரிகம கம்பெனியோட கார்வான் மாதிரி பாட்டை உள்ளயே ஏத்தி வர்ற பொட்டியில நெட்டும் வேண்டாம் மாசக்காசும் வேண்டாம், ஆனா சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டுன்னு மாடலுக்கு மாடல் மாறும், பாட்டு லிஸ்டைப் படிச்சுட்டு வாங்குங்க. நெட் இருக்கிற நேரத்துக்கு ஆகாசவாணியோட ராகம் சேனலை வெச்சுக் குடுங்க, 2016ல ஆரம்பிச்சது, நாள் முழுக்க சாஸ்திரிய சங்கீதம், ஹிந்துஸ்தானியும் வரும், சந்தா கிடையாது.

கேள்வி: லாஸ்லெஸ் குவாலிட்டி இருக்கிறதுக்காகவே ஆப்பிள் மியூசிக் போகலாமா? ரெண்டாயிரம் ரூபா ப்ளூடூத் இயர்பட்ஸ் வெச்சிருக்கேன்.
*வாசகர், சோழிங்கநல்லூர்*

பதில்: அதுக்காக மட்டும்னா வேண்டாம். லாஸ்லெஸ்னா பாட்டுல எதையும் இழக்காம அப்படியே குடுக்கிற தரம். சிடி தரம்னா 1,411 கேபிபிஎஸ், ப்ளூடூத்ல போகும்போது போன் பாட்டைத் திரும்ப சுருக்கித்தான் அனுப்பும், நல்லா அனுப்புற எல்டாக்ங்கற ப்ளூடூத் முறையே அதிகபட்சம் 990தான், அதுவும் ஐபோன்ல கிடையாது. ஆப்பிள் 2021ல இருந்து லாஸ்லெஸ்ஸுக்குத் தனியா காசு வாங்குறதில்லைங்கறது நெஜம்தான், ஆனா உங்க காதுக்கு அது வந்து சேரணும்னா ஒயர் ஹெட்போன் வேணும், நல்லதா வேணும். அந்தத் தரத்துல இறக்கினா போன்ல இடமும் ரெண்டு மூணு மடங்கு போகும். பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து கேக்குறவருக்கு, காதுல சரியா அடைச்சு நிக்கிற ரப்பர் முனையை மாத்தினாலே கேக்குற சுகம் கூடிடும்.

கேள்வி: காசே கட்டாம பிரீமியம் எல்லாம் ஓடுற 'மோட்' ஆப் ஃப்ரெண்டு அனுப்பினான். போடலாமா அண்ணா?
*கல்லூரி மாணவர், தாம்பரம்*

பதில்: வேண்டாம் தம்பி. மோட்னா ஒரிஜினல் ஆப்பை யாரோ மாத்தி வெச்சது, யார் செஞ்சதுன்னே தெரியாத அதை, உங்க பேங்க் ஆப்பும் யூபிஐயும் இருக்கிற அதே போன்ல ஏத்துறீங்க. கம்பெனி கண்டுபிடிச்சா அக்கவுண்டையே முடக்கிடுவாங்க, வருஷக்கணக்கா சேத்த ப்ளேலிஸ்ட்டும் கூடவே போகும். அதைவிட எனக்கு மனசு கேக்காத விஷயம், நீங்க ரசிக்கிற அந்தப் பாட்டுக்குப் பின்னாடி இருக்கிறவங்களுக்கு அதுல இருந்து ஒரு பைசா போகாது. ஏற்கனவே அவங்களுக்குப் போறது கொஞ்சம்தான். விளம்பரத்தோட இலவசமா கேளுங்க, அதுல இருந்தாவது ஏதோ போகும். டவுன்லோட் வேணும்னா மாணவர் சந்தா இருக்கான்னு பாருங்க, பாதி விலைக்குப் பக்கத்துல வரும், காலேஜ்ல படிக்கிறதுக்கு அத்தாட்சி மட்டும் கேப்பாங்க.

கேள்வி: ஃப்ரீ ட்ரையல்னு போட்டேன், பிடிக்கல, ஆப்பையே அழிச்சுட்டேன். ஆனாலும் மாசாமாசம் காசு போகுது. ஏன்?
*வாசகி, பெரம்பூர்*

பதில்: ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது. நீங்க ட்ரையலுக்கு அனுமதி குடுத்தப்பவே மாசாமாசம் தானா காசு எடுத்துக்கிற ஆட்டோபேக்கும் அனுமதி குடுத்திருக்கீங்க. ரெண்டு இடத்துல பாருங்க. ப்ளே ஸ்டோர் வழியா எடுத்திருந்தா அங்க சப்ஸ்கிரிப்ஷன்ஸ்ல போய் கேன்சல் பண்ணுங்க. யூபிஐ வழியா நேரா குடுத்திருந்தா ஜிபே, போன்பேலயே ஆட்டோபேன்னு ஒரு பகுதி இருக்கும், அதுல அந்த அனுமதியை ரத்து பண்ணுங்க. ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர்ல இருந்து அமல்ல இருக்கு, காசு எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே உங்களுக்குத் தகவல் வரணும், அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம்னு நினைச்சுத் தள்ளாம படிங்க, அப்பவே நிறுத்திக்கலாம். இனிமே ட்ரையல் போட்டா அன்னிக்கே கேன்சல் பண்ணுங்க, நிறைய ஆப்ல கேன்சல் பண்ணாலும் ட்ரையல் முடியற வரைக்கும் ஓடும், சிலதுல உடனே நின்னுடும், கேன்சல் பண்ற இடத்துல எந்தத் தேதி வரைக்கும்னு போட்டிருக்கான்னு பாத்துட்டு அமுக்குங்க.