கள்ளு மண்டியோடு வடிக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பனை கூட்டுறவுச் சங்கம் மதுவரி அனுமதியோடு சிறியதொரு செப்பு வடிகலம் அமைக்கவிருக்கிறது. விறகு அடுப்புத்தான். புளித்த கள்ளின் அடியில் தங்கும் வெள்ளை மண்டியை எடுத்துவிட்டுத்தான் வடிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். மணமே மண்டியில்தான் இருக்கிறது, எடுக்காதே என்கிறார்கள் மூத்த சீவல் தொழிலாளர்கள். இரண்டு நாள் தெளிய வைக்கலாமா? எடுக்கும் மண்டியை மாடு, ஆடுகளுக்கு வைக்கலாமா?

பதில்: வணக்கம். அனுமதி கையில் கிடைக்கும் வரை ஒரு முட்டி கூட அடுப்பில் ஏறக்கூடாது. அனுமதியில்லாமல் வடித்தால், எவ்வளவு சுத்தமாக வடித்தாலும் சட்டத்தின் முன் அது கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம்தான். உங்கள் சங்கம் முறைப்படி போவது மகிழ்ச்சி.

விறகு அடுப்பு என்றபடியால் என் பதில் இது: அடியில் கட்டியாகத் தங்குவதைத் தள்ளுங்கள், கலங்கலாக மிதப்பதை அப்படியே விடுங்கள், தெளியட்டும் என்று இரண்டு நாள் காத்திருக்க மட்டும் வேண்டாம். மண்டியால் வரும் கெடுதியை விட அந்த இரண்டு நாளால் வரும் கெடுதி பெரிது.

அந்த வெள்ளை மண்டியில் பெரும்பங்கு மதுவம், நாம் ஈஸ்ட் என்று சொல்வது. கூடவே பக்டீரியாக்கள், பாளைத் துகள், பூச்சிகள். ஒரு மதுவ உயிரணு ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு கூட இராது. பன்னாடையிலோ துணியிலோ வடிகட்டினால் தேனீயும் எறும்பும் சீவலும் நிற்கும், மதுவம் நிற்காது. வடிகட்டிய பிறகும் கள்ளு பால்போல இருப்பது அதனால்தான். புளிப்பு நடந்துகொண்டிருக்கையில் எழும் வாயுக் குமிழிகள் மதுவத்தைத் திரும்பத் திரும்ப மேலே தூக்கிவிடும். ஆகவே கள்ளு ஒரு நாளில் கண்ணாடிபோலத் தெளியும் என்று எதிர்பார்க்க முடியாது.

தெளிய வைத்துக் காத்திருந்தால் நடப்பது வேறு. கள்ளில் சாதாரணமாக 4 முதல் 6 விழுக்காடு மதுசாரம் இருக்கும். ஒரு நாள் கடந்தால் அசற்றிக் பக்டீரியாக்கள் அதைத் தின்று வினாகிரி ஆக்கத் தொடங்கும். தொலையும் ஒவ்வொரு கிராம் மதுசாரமும் ஏறக்குறைய 1.3 கிராம் அசற்றிக் அமிலமாக மாறக்கூடும். மதுசாரமும் போகும், அமிலத்தில் ஒரு பகுதி வடிநீரில் ஏறித் தொண்டையையும் அரிக்கும். புளிப்பு ஏறிய கள்ளு செப்பையும் அரிக்கும். சந்திர நிலவு மாதிரித் தெளிந்த கள்ளு வேண்டும் என்று காத்திருந்து, கடைசியில் வினாகிரியை வடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏறி இறங்கிய உழைப்பு முழுதும் வீணாகிப் போவதைப் பார்க்க மனம் பொறுக்காது.

மூத்தவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. மதுவம் கொதிக்கும்போது அதன் உள்ளிருக்கும் கொழுப்பமில எஸ்ரர்கள் எனும் மணப்பொருள்கள் வெளியேறி வடிநீருக்குப் பழமணமும் கனமும் கொடுக்கும். பிரான்சின் கொன்யாக் பகுதியில் திராட்சை மதுவை மண்டியோடு வடிப்பவர்களும் உண்டு, மண்டியில்லாமல் வடிப்பவர்களும் உண்டு. ஸ்கொத்லாந்தின் மோல்ற் விஸ்கிக்காரர்கள் மதுவத்தோடேயே கலத்தில் விடுகிறார்கள். ஆனால் அங்கே நேரடித் தீயில் வைத்த கலங்களுக்குள் அடியைத் தேய்த்தபடி சுழலும் செப்புச் சங்கிலி ஒன்றைப் பூட்டுவது வழக்கம். அது இல்லாவிட்டால் மண்டி அடிப்பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நீராவிச் சுருளால் சூடாக்கும் கலத்தில் இந்தப் பயம் மிகக் குறைவு. உங்களிடம் சங்கிலியும் இல்லை, நீராவியும் இல்லை.

அடிப்பிடித்தால் வரும் கருகல் வாடையும் கசப்பும் வடிநீரோடு கூடவே வரும். இரண்டாம் முறை வடித்தாலும் முழுதாகப் போகாது. கலத்தின் செப்பும் அந்த இடத்தில் சூடேறி மெலியும். ஆபத்தான நேரம் குளிர்ந்த நிலையிலிருந்து கொதி வரும் வரைதான், அப்போதுதான் மண்டி அடியில் அசையாமல் கிடக்கும். கொதித்த பின் கொதியே அதைக் கிளறிவிடும். எனவே முதலில் சிறுதீ. கலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விட வேண்டாம். கலங்கல் கள்ளு நுரைத்துப் பொங்கும், நுரை குழாயில் ஏறினால் அன்றைய வடிப்பு முழுதும் கெடும்.

செய்முறையைச் சொல்கிறேன். காலையில் இறக்கிய கள்ளைப் பன்னாடையில் வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் நிழலில் விடுங்கள். பாத்திரத்தின் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் குழாய் வைத்துக்கொண்டால் வேலை சுலபம். மாலையில் அந்தக் குழாய் வழியே மேலுள்ளதை மட்டும் கலத்துக்கு எடுங்கள். அன்றிரவே வடிப்பது உத்தமம், பிந்தினால் மறுநாள் காலை, அதற்கு மேல் வேண்டாம். 100 லீற்றரில் 4 லீற்றர் மண்டியைக் கழித்தால், 5 விழுக்காட்டுக் கள்ளில் நீங்கள் இழப்பது கூடிப்போனால் 200 மில்லிலீற்றர் மதுசாரம். அதற்காக ஒரு வடிப்பையே கருக விடாதீர்கள்.

மண்டியில் நஞ்சு இருக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. அவர்கள் பயப்படுவது மெதனோல் என்ற நச்சு மதுசாரத்துக்கு; அது பழங்களிலுள்ள பெக்ரின் என்ற பசைப்பொருளிலிருந்து வருவது. மண்டியை எடுத்தாலும் விட்டாலும் அதன் அளவு மாறாது.

இனி மாட்டுக்கு வருவோம். உலர்ந்த மதுவத்தில் பாதிக்குக் கிட்டப் புரதம், பி விற்றமின்களும் நிறைய. நல்ல தீவனம்தான், ஆனால் பச்சையாக வைக்கக் கூடாது. உயிருள்ள மதுவம் வயிற்றிலும் புளித்து உப்புசம் தரும், மதுசாரமும் அதில் மிச்சமிருக்கும். திறந்த பாத்திரத்தில் கால் மணி நேரம் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற்றி, தவிட்டில் பிசைந்து, முதல் கிழமை ஒரு கைப்பிடி அளவில் தொடங்கிப் பாருங்கள். அன்றன்று எடுத்ததை அன்றே கொடுத்து முடியுங்கள்.

செம்மறி வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வடித்த பின் கலத்தில் மிஞ்சும் கழிநீரில் செப்புக் கரைந்திருக்கும். செம்மறிக்குச் செப்பு கொஞ்சம் கூடினாலும் ஈரலில் சேர்ந்து கொன்றுவிடும். அந்தக் கழிநீரையோ அதன் அடிவண்டலையோ செம்மறிக்கு ஒருபோதும் வைக்காதீர்கள். கலத்துக்குப் போக முன் எடுத்த மண்டியில் இந்தச் செப்பு இராது. முன்கூட்டியே எடுப்பதற்கு எனக்கு இது ஒரு பெரிய காரணம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கலத்துக்குள் போகும் மதுவம் மறைந்து போவதில்லை, செத்துக் கழிநீரில் கிடக்கும். புளிப்பும் அழுகும் பொருளும் நிறைந்த அந்த நீரை வளவில் ஊற்றினால் நம் குடாநாட்டின் சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே நேரே கிணற்றுக்குத்தான் போகும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை, குடிக்கவும் தோட்டத்துக்கும் கிணறுதான். சீமெந்துத் தொட்டியில் ஆறவிட்டு, சுண்ணாம்பு கலந்து புளிப்பை முறித்து, கிணறுகளுக்குத் தூரமாக, அடியில் சீமெந்து போட்ட கூட்டெருக் குவியலில் வைக்கோலோடு சேருங்கள். கலம் வாங்கும் பணத்தோடு இந்தத் தொட்டிக்கும் சங்கம் இப்போதே பணம் ஒதுக்கட்டும்.